வெண்கலத்தின் வயிறு

லாய் யுன்ஹே பேச்சில் சிக்கனமானவள். கோபம் வந்தாலோ அந்தச் சிக்கனம் கஞ்சத்தனமாகிவிடும். விடியற்காலையில் எழுந்து, கஞ்சிக்கு அடுப்பை மூட்டி, முன்கூடத்துப் பூசை மேடையைத் துடைத்துவிட்டு, சிப்பி உடைக்கும் கத்தியுடன் வாசலில் அமர்ந்தாளென்றால், உச்சிப்பொழுது வரையிலும் அத்தெருவில் யாரும் அவள் குரலைக் கேட்க முடியாது. கத்தியின் குரல் மட்டுமே கேட்கும். ஓட்டின் இடுக்கில் முனையைச் செருகி, மணிக்கட்டை ஒரு முறை திருப்புவாள். சிப்பி வாயைத் திறந்துவிடும். அவள் கணவன் சுவாங் தேஷெங் சென்ற ஆண்டுச் சூறாவளியில் கடலோடு போன பிறகு, அந்தத் திருப்பலில் ஒரு வன்மம் சேர்ந்திருந்ததை அக்கம்பக்கத்தார் கவனித்தே இருந்தார்கள்.

பூசை மேடையில் இரண்டு இருந்தன. ஒன்று, தேஷெங்கின் பெயர் பொறித்த கற்பூரமர நினைவுப் பலகை. மற்றொன்று, ஆண்டுக்கொரு வீடாகச் சுற்றிவரும் ஊர்த்தெய்வம், இந்த ஆண்டு அவள் வீட்டு முறைக்கு வந்திருந்த லிங்குவான்: மூன்று கண்ணும், பல் தெரியத் திறந்த வாயும், தலைக்குமேல் ஓங்கிய கணுத்தடியுமாக ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான உயரத்தில் நிற்கும் வெண்கலப் படைத்தலைவர். மிங் அரசர்கள் காலத்து வார்ப்பு என்பது ஊரார் நம்பிக்கை. கவச மடிப்புகளில் மட்டும் பழைய பொற்பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் ஊதுவத்திப் புகை ஏறிக் கறுத்திருந்தது.

அது பழமழைக் காலம். பிளம் காய்கள் பழுக்கும் அந்நாட்களில் ஃபூஜியன் கடற்கரையில் வானம் பெய்கிறதா, சும்மா கசிகிறதா என்று சொல்ல முடியாது; சுவர்கள் வியர்க்கும், தரைக்கற்கள் வியர்க்கும், உப்பு ஜாடிக்குள்ளேயே கரையும், உடுத்தும் துணியில் பூஞ்சை மணக்கும், இரும்போ வெண்கலமோ கைபட்ட உலோகமெல்லாம் குளிர்ந்து நீர் கோத்து நிற்கும். அன்று காலை யுன்ஹே வழக்கம்போல் லிங்குவானின் மார்புக்கவசத்தைத் துடைத்தாள். துணி நனையவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. அடைகாக்கும் கோழியின் அடிவயிற்றைப் போல் வெதுவெதுப்பாக இருந்தது.

"எழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள் யுன்ஹே.

மகிழ்ச்சியோடு கேட்கவில்லை. வேலைக்குத் தாமதமாக வந்தவனைக் கேட்பதுபோல் கேட்டாள்.

அவள் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் இருந்தது. தேஷெங்கின் அண்ணன் தேஃபா, வளைகுடாவில் சிப்பி வளர்க்கக் கயிறு கட்டி மிதக்கவிட்ட மூங்கில் படல்களில் பாதிக்குச் சொந்தக்காரன். சூறாவளி எச்சரிக்கை ஊரெங்கும் ஒலித்த பிறகு, படல்களின் கயிறுகளை இறுக்கிக் கட்டுவதற்காகத் தேஷெங் தனியே படகில் போனான், திரும்பவில்லை. அனுப்பியது தேஃபாதான் என்றாள் யுன்ஹே. தான் அனுப்பவே இல்லை என்றான் தேஃபா. அந்த ஊரில் இத்தகைய வழக்கு முற்றினால் இருவரையும் லிங்குவான் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஒரு சேவலின் தலையை வெட்டிவிட்டுச் சத்தியம் செய்யவேண்டும். குற்றம் சாட்டியவரும் செய்யவேண்டும். அதே தண்டனையைத் தன் தலைமேலும் ஏற்கவேண்டும்.

அவர்களையும் அப்படியே நிறுத்தினார்கள். தேஃபா சிரித்த முகத்தோடு கத்தியை வாங்கினான். "தம்பி பொண்டாட்டி ஆசைப்படுறா. செஞ்சிட்டாப் போச்சு. எங்க, சேவலக் கொண்டாங்க. அட, இந்த நோஞ்சானா கிடைச்சுது உங்களுக்கு?" கூட்டம் சிரித்தது. அவன் வெட்டினான். "எச்சரிக்கை வந்த பிறகு நான் தேஷெங்கைக் கடலுக்குப் போகச் சொல்லியிருந்தா, என் தொண்டை அடைச்சுப் போகட்டும்."

அடுத்தது யுன்ஹேயின் முறை. "'புயல் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு, நீ போய்க் கயித்த இறுக்கிட்டு வா'ன்னு பெரியத்தான் போன்ல சொன்னத நான் என் காதால கேட்டேன். கேக்கலேன்னா என் தொண்டையும் அடைச்சுப் போகட்டும்."

அவள் அதைக் கேட்டதில்லை. அவள் அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயின் இரைச்சலுக்கு நடுவே, கூடத்திலிருந்து கணவன் "சரிண்ணா, கட்டிட்டு வந்துடறேன்" என்று சொன்னது மட்டுமே அவள் செவியில் விழுந்தது. மறுமுனையில் பேசியவனின் சொற்களைத் துக்கம் காத்த நாட்களில் அவளே ஒவ்வொன்றாகக் கோத்தாள். கோத்துக் கோத்து, இறுதியில் அவை தேஃபாவின் கட்டைக்குரலிலேயே அவள் காதில் ஒலிக்கத் தொடங்கின. நடந்தது உண்மை. சொற்கள்தாம் அவளுடையவை. அதனால் என்ன என்று அப்போது நினைத்தாள்.

மாதங்கள் சென்றன. தேஃபாவின் தொண்டைக்கு ஒன்றும் நேரவில்லை. புதுப்படல்கள் போட்டான், வயிறு வைத்தது, ஒரு திருமண விருந்தில், அடுத்த மேசையில் அவள் இருப்பதை அறிந்தே குரலை உயர்த்தினான்.

"அது முன்னால சத்தியம் பண்ண எனக்கென்னய்யா பயம்? அந்தப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்துல சிவப்புப் பட்டை கட்டின பசங்க முதுகுத் தகட்டைப் பேத்து உள்ள இருந்ததெல்லாம் உருவித் தெருவுல போட்டானுங்க. எங்கப்பா கண்ணால பாத்தது. அப்புறம் சேத்துலேருந்து எடுத்துக் கழுவி வச்சோமே ஒழிய, யாரு திரும்ப நிரப்பினா? உள்ள வெறும் காத்து. காலி டப்பா!"

மேசையே அதிர்ந்து சிரித்தது. யுன்ஹே தன் கிண்ணத்திலிருந்த நண்டுக்காலை முறித்தாள். ஓட்டோடு சேர்த்து மென்றாள்.

அவ்வாண்டு லிங்குவானின் பிறந்தநாளன்று, அடுத்த முறைக்காரரைத் தேர்ந்தெடுக்கப் பிறைக்கட்டைகளை வீசியபோது, அவள் பெயருக்கு மட்டும் ஒரு கட்டை கவிழ்ந்தும் ஒரு கட்டை மல்லாந்தும் அடுத்தடுத்துச் சம்மதமாகவே விழுந்தன. "நல்லதுதான்," என்றாள் தேஃபாவின் மனைவி கே லியென்சின். "ஆம்பளை இல்லாத வீடு. காவலுக்காவது ஆகும்." அவள் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். அந்நல்லெண்ணமே யுன்ஹேக்குப் பொறுக்கவில்லை.

சிலைக்கு உயிர் ஏற வயிறு நிரப்புவது எப்படி என்பதை அக்கடற்கரையில் யாரும் தனியே கற்கவேண்டியதில்லை. ஐந்து நிற நூல், ஐவகைத் தானியம், ஒரு துண்டு வெள்ளி. சாந்தமான தெய்வங்களுக்கு அவ்வளவே. உக்கிரமான தெய்வத்துக்கு உயிருள்ள கதண்டு, அந்த நச்சுக் கொடுக்குப் பெருங்குளவி, ஒன்றும் வேண்டும்; அதன் கோபமே தெய்வத்தின் கோபமாகும். ஆனால் தெய்வத்திடம் சம்மதம் பெற்று, தாவோ நெறிப் பூசாரியின் கையால்தான் அதை உள்ளே விடவேண்டும்.

யுன்ஹே மலையடிவாரத்துக் கதண்டு வேட்டைக்காரன் ஹுய்யிடம் போனாள்.

"ஒண்ணா?" என்றான் முன்பல் இல்லாத ஹுய். "ஒண்ண வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? சாராயத்துல ஊறப்போட ஜாடி நிறைய வேணுமே."

"ஒண்ணு போதும்."

"முட்டி வலிக்கா?"

"ஆமா."

"யாரு முட்டிக்கு?" அவள் காசை எண்ணி நீட்டியதும் அவன் வாங்கிக்கொண்டான். "சரி சரி, கோச்சுக்காத. மூடிய மட்டும் திறந்துடாத. என் மாமியாள ஒரு தடவை கொட்டிருச்சு. நான்தான் ஏவிவிட்டேன்னு அந்த அம்மா சாகுற வரைக்கும் நம்புச்சு. நான் சொன்னா கேக்குற சாதியா இது? எனக்கே முகத்துல மூணு தழும்பு."

வீடு திரும்பியதும் பிறைக்கட்டைகளை எடுத்தாள், சம்மதம் கேட்டாள், வீசினாள். இரண்டும் கவிழ்ந்து விழுந்தன. மறுப்பு. மீண்டும் வீசினாள். மறுப்பு. மீண்டும். இரண்டு கட்டைகளின் வளைந்த முதுகுகளும், புதைத்த மண்மேடுகள் போல, அவளை நோக்கி நின்றன. அவள் அவற்றைப் பொறுக்கி இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"நான் உங்கள அனுமதி கேக்கல. சொன்னேன், அவ்வளவுதான்."

சிப்பிக் கத்தியால் முதுகுத் தகட்டைக் கிளப்பினாள். உள்ளிருந்து வந்த காற்று, நெடுங்காலம் பூட்டிவைத்த பெட்டியின் மணத்தையும் சேற்று மணத்தையும் கொண்டிருந்தது. நூலையும் தானியத்தையும் வெள்ளியையும் போட்டாள். கதண்டு கட்டைவிரல் நீளம் இருந்தது. குப்பியைக் கவிழ்த்ததும், அது பறக்காமல், தனக்குத் தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் மெல்ல நடந்து இருட்டுக்குள் போயிற்று. தகட்டை வைத்து மெழுகை உருக்கி ஊற்றும்போது கத்தி வழுக்கி அவள் பெருவிரலைக் கிழித்தது. கண் திறப்பதற்குச் சேவற்கொண்டையின் இரத்தம் வேண்டும். அவள் அந்த விரலையே மூன்று கண்களிலும் வைத்தாள்.

"தொண்டை அடைக்கட்டும்னு அவர் சொன்னதை நீங்களும் கேட்டீங்க. இப்பச் செய்யுங்க."

அதற்குப் பிறகு வந்த காலைப்பொழுதில்தான் வெண்கலம் உலர்ந்தும் சூடாகவும் இருந்தது.

முதலில் ஒலி இல்லை. பிறகு, மழை சற்றே ஓய்ந்த ஒரு முற்பகலில், வாசலில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவள், தெருமுனை மின்மாற்றி வழக்கத்தைவிடப் பலமாக இரைகிறதே என்று எண்ணினாள். மின்சாரம் நின்றது, எதிர்வீட்டுத் தொலைக்காட்சி வாய் மூடியது, இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. அது அவள் முதுகுக்குப் பின்னால், கூடத்திலிருந்து, வெண்கலத்தின் சுவர்களில் மோதித் தடித்து, தரைக்கற்கள் வழியாக அவள் அமர்ந்திருந்த மூங்கில் முக்காலியின் கால்களில் ஏறி, தொடையெலும்பில் மெல்ல நடுங்கிற்று. காற்றில்லாத மெழுகுச் சிறையில் ஒரு பூச்சி எத்தனை நாள் உயிரோடிருக்கும்? அதுவும் ஒற்றைப் பூச்சியின் ஒலியன்று. ஒரு கூட்டின் ஒலி.

இருக்கட்டும் என்று நினைத்தாள். எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

லிங்குவானின் திறந்த வாயில், பற்களுக்கும் கீழுதட்டுக்கும் இடையே, சாம்பல்நிறத்தில் ஏதோ ஒட்டியிருப்பதை மறுநாள் கண்டாள். ஊதுவத்திச் சாம்பல் என்று துடைத்தாள். போகவில்லை. நகத்தால் தொட்டாள். காகிதம். மரத்தை மென்று, எச்சிலில் குழைத்து, வரிவரியாக இழைத்த கதண்டுக் காகிதம்.

மரத்துக்கு எங்கே போயிற்று?

அவள் பார்வை தானாகவே பக்கத்துப் பலகைக்குச் சென்றது. தேஷெங்கின் பலகையில், மேல்விளிம்பு நெடுக, வெளிர்நிறக் கோடுகள். மெல்லிய உளியால் சுரண்டியதுபோல் நெருக்கமான, பொறுமையான கோடுகள். கற்பூரமரத்தின் புதுமணம் அடித்தது. மெழுகு முத்திரையில் விரிசலில்லை. ஒரு பூச்சியேனும் வெளியே பறந்ததை அவள் பார்த்ததில்லை. பலகையை எடுத்து அடுக்களைப் பரணில் வைத்தாள். மறுநாள் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தபோது குடும்பப்பெயர் பாதி காணாமற்போயிருந்தது.

அன்றுதான் செய்தி வந்தது. தேஃபாவுக்குத் தொண்டையில் ஏதோ. சோறு இறங்கவில்லை. பேசினால் கரகரப்பு. சொன்னவள் மீன்காரி, சொல்லிவிட்டு யுன்ஹேயின் முகத்தையே பார்த்தாள். யுன்ஹே ஒரு சிப்பியைத் திருப்பித் திறந்தாள். அன்று இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். கணவன் போன பிறகு அவ்வளவு பசித்துச் சாப்பிட்டது அதுவே முதல் தடவை.

பலகையை மறுபடியும் மேடையிலேயே கொண்டுவந்து வைத்தாள். எங்கே வைத்தாலும் ஒன்றுதான். ஒவ்வொரு காலையும் பெயரில் ஒரு கோடு குறைந்தது. ஒவ்வொரு காலையும் லிங்குவானின் வாயில் சாம்பல்நிறச் சுவர் ஒரு வரி வளர்ந்தது. தகட்டைக் கிளப்பினால் நின்றுவிடும் என்பதை அவள் உணர்ந்தே இருந்தாள். கத்தி மேடையருகிலேயே கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் படட்டும்.

ஒரு காலை, கஞ்சி அவள் தொண்டையில் நின்றது.

தண்ணீர் குடித்தாள். தண்ணீரும் நின்று, தயங்கி, பிறகே இறங்கியது. நாக்கின் அடியில் ஒரு சுவை. கற்பூரமரத்தின் சுவை.

அன்று பிற்பகல் வானம் தாழ்ந்து வந்து கூரைகள்மேல் அமர்ந்தது. பகலா அந்தியா என்று தெரியாத அந்த மங்கலில், ஒரே குடைக்குள் இருவர் வந்தார்கள். லியென்சின் தன் கணவனைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். தேஃபாவின் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. அத்துண்டுக்குள் கழுத்து அவன் தலையளவுக்குப் பருத்திருந்தது. அவனை முக்காலியில் அமர்த்திய லியென்சின் குடையைக்கூட மடக்கவில்லை. அப்படியே தரையில் எறிந்தாள்.

"ஹுய் எல்லாத்தையும் சொல்லிட்டான். கதண்டு வாங்கினியாமே? முட்டி வலியாமே உனக்கு? பாவி! டாக்டர் குழாய விட்டுப் பாத்துட்டு உள்ள ஒண்ணுமே இல்லேங்கறாரு. ஒண்ணும் இல்லாமலா இவரு இப்படிக் கிடக்குறாரு?"

"உக்காருங்க அக்கா."

"உக்கார வரல நான். திற அதை! தகட்டைப் பேத்து அதை வெளிய விடு!"

"அவர் சொல்லட்டும்," என்றாள் யுன்ஹே. "அனுப்பினேன்னு அவர் வாயால சொல்லட்டும்."

தேஃபா அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்களில் பழைய ஏளனம் இல்லை. இரு கைகளாலும் முக்காலியைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தான்.

இரைச்சல்.

கூடத்தில் இரண்டு இடங்களிலிருந்து. வெண்கலத்திலிருந்தும் அவனிடமிருந்தும். ஒரே சுருதி. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியது. ஒன்று தணிந்தால் மற்றதும். அவன் நாக்குக்குப் பின்னால், தொண்டை இருக்கவேண்டிய இடத்தில், சாம்பல்நிறக் காகிதச் சுவர். அதில் அறுகோண அறைகள். வரிசை வரிசையாக. சில மூடியிருந்தன. மூடியவற்றில் ஏதோ அசைந்தது.

லியென்சின் பார்க்கவில்லை. அல்லது அவளால் பார்க்க முடியவில்லை. "பேசுங்க, பேசுங்க" என்று அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவன் பேச முயன்றான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை அசைத்தான். மேலும் கீழும். ஆம். மறுபடியும் ஆம்.

"ஆமான்னு தலையாட்டுறாரு பாரு! பாத்தியா? ஒத்துக்கிட்டாரு. ஊரக் கூட்டணுமா, கூட்டறேன். கால்ல விழணுமா, நான் விழறேன்." லியென்சின் தரையில் மண்டியிட்டாள். ஈரக்கல்லில் அவள் நெற்றி மோதிய ஒலி கேட்டது. "போதுமா? இப்பத் திற, தங்கச்சி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

யுன்ஹே காத்திருந்தாள்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. இப்போது அது தணியவேண்டும். மார்புக்குள் சென்ற ஆண்டிலிருந்து எரிந்துகொண்டிருப்பது சற்றேனும் தணியவேண்டும். அவள் நின்றபடியே காத்திருந்தாள். மழை பெய்தது. அது தணியவில்லை. துளியும். மண்டியிட்ட முதுகைப் பார்த்தாள். பருத்த கழுத்தைப் பார்த்தாள். இன்னும் வேண்டும் என்றது அது.

கத்தியைக் கையில் எடுத்தாள். லியென்சின் நிமிர்ந்தாள்.

பலகையைப் பார்த்தாள் யுன்ஹே. பெயர் இருந்த இடம் வெறும் வெள்ளை மரம். கடைசி எழுத்தின் அடிக்கோடு ஒன்று மட்டும் மீந்திருந்தது. தேஷெங்கின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். அடுக்களைப் புகை வந்தது. எண்ணெயின் இரைச்சல் வந்தது. தேஃபாவின் கட்டைக்குரல் வந்தது, அவன் சொல்லாத சொற்களோடு. கணவனின் முகம் வரவில்லை.

லிங்குவானின் வாய் முழுதும் அடைபட்டிருந்தது. மூன்று கண்களிலும் அவள் இரத்தம் உலராமல் பளபளத்தது. அம்மூன்றும் தேஃபாவைப் பார்க்கவில்லை; பொய்ச்சத்தியம் செய்த அவளையே பார்த்தன.

தொண்டையில் ஏதோ நகர்ந்தது. மெல்ல. வீட்டுக்குள் நடப்பதுபோல். ஆறு கால்கள். நாக்கின் அடிப்பகுதி உரசலில் கூசியது. அங்கே சுவரின் முதல் வரி ஏற்கெனவே எழும்பியிருந்தது. ஒரு முறை கத்தியைச் செருகித் திருப்பினால் போதும். அவனும் மூச்சு விடுவான். அவளும் விடுவாள். பலகையில் அந்த ஒற்றைக் கோடேனும் மிஞ்சும்.

அவள் கத்தியை மேடைமேல் வைத்தாள்.

"நான் திறக்கப் போறதில்லை, அக்கா," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள் யுன்ஹே. சொல்லி முடித்ததும், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடாதபடி வாயை மூடிக்கொண்டாள்.